ஏழுமலை அன்று குடிக்கவில்லை

அன்பு மகனுக்கு,

அம்மாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். ஏழுமலை அப்படி இல்லை. வலது கை நடுவிரலில் நகம் போய், நுனி கறுத்து, கையை நெஞ்சோடு தூக்கி வைத்தபடி கெடாரில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். உன் மாமனாராக வரப்போகிறவர் அவரை டிரைவர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். குடித்துவிட்டுக் கார்க் கதவுக்குள் கையை விட்டுக்கொண்டான் என்பது அதற்குக் காரணம். அந்தக் காரணத்தைச் சொன்னவன் நீ. நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இந்த நேரத்தில் ஒரு தகப்பன் மகனுக்கு எழுத வேண்டியவை வேறு. சென்னையில் வாடகை வீடு பார்க்கும்போது தண்ணீர் எப்படி வருகிறது என்று முதலில் கேள், புதிதாக வந்த பெண்ணை அவள் சமையலை வைத்து எடை போடாதே என்றெல்லாம் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். நேற்று மாலையிலிருந்து அதில் ஒன்றும் பேனாவுக்கு வர மறுக்கிறது. எனக்கு உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. கோபம் என்றால் எனக்குத் தெரியும், முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவன், மணி அடித்தால் ஆறிவிடும். இது அருவருப்பு. காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன், உள்ளே போகவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு சொல்லை எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. வேறு சொல் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், நீயும் அங்கே இருந்தாய். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். சோதனை செய்து முடித்ததும் பிள்ளைகளிடம் நான் சொல்வது உனக்கு நினைவிருக்கும்: பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுது, நினைத்ததை எழுதாதே. நீ மாமனார் வீட்டில் சொன்னதையும் நான் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

விழுப்புரத்தில் நிச்சயதார்த்தம் முடிந்ததும், உன் மாமனார் நம்மைத் திண்டிவனத்துக்குத் தன் காரிலேயே அனுப்பினார். அவர் தம்பி வெளிநாட்டிலிருந்து கப்பலில் அனுப்பிய கார். கல்யாணம் ஆனதும் அது உனக்குத்தான் என்று சபையில் சொல்லியும்விட்டார். பொத்தானைத் தொட்டால் கண்ணாடி தானாக ஏறி இறங்கும் அதிசயத்தைப் பார்க்க அவருடைய அரிசி மில் ஆட்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். முன்பக்கம் பூச்சரம் போட்டு, நைலான் கயிற்றின் இரண்டு நுனியையும் இரண்டு பக்கத்து ஜன்னலுக்குள் விட்டுக் கண்ணாடியை ஏற்றினீர்கள். நம் பக்கத்தில் எல்லாக் கல்யாணக் காருக்கும் இப்படித்தான் பூக் கட்டுவது. கையால் சுற்றி ஏற்றுகிற கண்ணாடி என்றால், கயிறு இறுகும்போது கைக்குத் தெரிந்துவிடும், நிறுத்திவிடுவோம். மோட்டாருக்கு அந்தக் கை இல்லை. இடதுபக்கக் கண்ணாடி கயிற்றில் இடித்து நிற்க நிற்க, பெண் வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்று நீ திரும்பத் திரும்ப அழுத்தினாய்.

"மாப்ள, போதும் வுட்ருங்க. உள்ள இன்னாமோ முணவுது" என்றார் ஏழுமலை.

"யோவ், இது இன்னா உன் அம்பாசிடரா? தானா நிக்கும்யா" என்றாய் நீ. உன்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவரை யோவ் என்றது அப்போதே என் காதில் இடறியது. நிச்சயதார்த்த நாள் என்று விழுங்கிக்கொண்டேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் கதவுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். அந்தக் கண்ணாடி அப்படியே உள்ளே விழுந்துவிட்டது. பொத்தானை எப்படி அழுத்தியும் ஏறவில்லை. லாரிகள் கிளப்பிய புழுதி முழுவதும் நம் முகத்தில். அம்மா பட்டுப்புடவை முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். ஏழுமலை திரும்பிப் பார்த்து, "இப்பதான்மா நம்ம டவுன் பஸ்ஸு மாதிரி காத்தோட்டமா கீது" என்றார். நாங்கள் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. கார் உன் கையில் வருவதற்கு முன்பே நீ அதைக் கெடுத்துவிட்டதாக மாமனார் நினைத்துவிடுவாரே என்ற கவலை உனக்கு வந்துவிட்டது. இப்போதுதான் அது எனக்குப் புரிகிறது.

மறுநாள் காலை நீ என்னிடம் வந்து, "அப்பா, மாமாவுக்குத் தெரியறதுக்குள்ள சரி பண்ணிடணும். இங்க எந்த மெக்கானிக்கும் இதப் பார்த்திருக்க மாட்டான். நீங்கதான் பாக்கணும்" என்றாய். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓய்வு பெற்றபின் என்னை யாரும் எதையும் பிரித்துப் பார்க்கச் சொன்னதில்லை. வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, கைப்பிடித் திருகுகளைக் கழற்றி, கதவின் உள் அட்டைக்கும் இரும்புக்கும் இடையே துணி சுற்றிய ஸ்டீல் ஸ்கேலை விட்டு மெதுவாக நெம்பினேன். அட்டை பட்பட்டென்று விட்டு வந்தது. அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தேன்.

அப்போது வந்த நாற்றத்தை நீ மறந்திருக்க மாட்டாய். உன் மாமனாருக்கு வெற்றிலைப் பழக்கம். ஓடுகிற காரில் கண்ணாடியைப் பாதி இறக்கித் துப்புவார் போலும். பாதி ரோட்டுக்குப் போக, மீதி கண்ணாடியில் வழிந்து கதவின் பிளவுக்குள் இறங்கியிருக்கிறது. அடியில் தண்ணீர் வடிகிற துளைகள் அடைத்துக்கொண்டு, மழைத்தண்ணீரும் எச்சிலும் பாக்குத்தூளும் ஒரு செங்கறுப்புக் கூழாகத் தேங்கி நின்றன. அதற்குமேல் முந்தின நாள் பூவின் அழுகல். ஈக்கள் எங்கிருந்துதான் வந்தனவோ. எனக்கும் குமட்டியது. நீ கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ச்சீ! நான் இதுல கை வைக்க மாட்டேம்பா" என்று டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாய். "யோவ் ஏழுமல, நீ கைய வுடு" என்றாய்.

ஏழுமலை சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "மொதலாளி எச்சிதான சார், பிரசாதம்னு நெனச்சிக்க வேண்டியதுதான்" என்றார். முதல் கூழை அவர்தான் வெறுங்கையால் வழித்துப் போட்டார்.

உள்ளே இருந்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள். கயிற்றை இழுத்தால் வாளி ஏறும், விட்டால் இறங்கும். இங்கே கயிற்றுக்குப் பதில் மெல்லிய கம்பிவடம், இழுக்கும் கைக்குப் பதில் மோட்டார், வாளிக்குப் பதில் கண்ணாடி. வடம் சுற்றுகிற சின்ன உருளையில் உன் பூச்சரக் கயிற்றின் நுனி சிக்கி, வடத்தோடு சேர்ந்து சுருண்டு, அதைப் பள்ளத்திலிருந்து வெளியே தள்ளியிருந்தது. மோட்டாருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி, பாட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் இழுத்துத் தொட்டேன். மோட்டார் உறுமியது. பழுது அதில் இல்லை. பிளேடால் நைலானைத் துணுக்குத் துணுக்காக வெட்டி எடுத்தேன். ஒருமுறை வடத்தைத் தவறிப்போய்த் தலைகீழாகச் சுற்றிவிட்டு, மறுபடி அவிழ்த்துச் சுற்றினேன். இனி கண்ணாடியைத் தாங்கும் தகட்டை வடத்தோடு மாட்ட வேண்டும். தகட்டைக் கதவுக்குள் ஒரு கை பிடித்துக்கொள்ள, மோட்டார் வடத்தைத் துளித்துளியாக இழுக்க வேண்டும். பிடித்த கை ஏழுமலையுடையது. டார்ச் அடித்தவன் நான். பொத்தான் உன்னிடம்.

ஒயரைத் திரும்பச் சொருகியபோது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் 'ஏத்து'ன்னு சொன்னா மட்டும் ஒரு தொடு தொடு. சொல்லாம கைய வைக்காதே. உள்ள அவர் வெரல் இருக்கு." நீ, "தெரியும்பா" என்றாய்.

எதிர்வீட்டுக் கோமதி அக்கா அப்போதுதான் வந்தார். "தம்பி, அமுக்கினா தானா ஏறுமாமே? எங்க, ஒருவாட்டி காட்டு" என்றார். நீ காட்டினாய்.

"சார்! வெரலு! வெரலு!"

உருளைக்கும் வடத்துக்கும் நடுவே அவர் விரல். நான் "எறக்கு, எறக்கு" என்று கத்தினேன். நீ இறக்கவில்லை. நீ எட்டிப் பார்த்துச் சொன்னது இது: "கைய இழுக்காதய்யா! கம்பி அறுந்துடும்! அப்பா, கம்பியப் பாருங்க!"

நான் ஒயரைப் பிடுங்கி, உருளையைத் திருப்புளியால் பின்னுக்குத் திருப்பி அவர் கையை எடுத்தேன். எச்சிலின் சிவப்பு எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. அம்மா ஓடிவந்து, கையில் தண்ணீர் ஊற்றி, பழைய நூல்புடவையைக் கிழித்துக் கட்டினாள். "நீ ஏம்மா அந்தக் கையெல்லாம் தொட்டுக்கினு, அவரே கட்டிக்குவாரு" என்றாய். அம்மா உன்னை நிமிர்ந்து பார்த்தாளே, அந்தப் பார்வையை நீ பார்த்தாயா? அதன் பிறகு அவள் உன்னைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்துக்கு முறுக்கு சுடுவதைப் பற்றிப் பேசுகிறாள், பந்தல்காரரைப் பற்றிப் பேசுகிறாள், உன்னைப் பற்றி இல்லை.

நான் அவரை ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், ஊசி போட்டு, கட்டுக் கட்டி, ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கதவு திறந்தபடியே நின்றது. வேலையைப் பாதியில் விட எனக்குத் தெரியாது. தகட்டை நானே பிடித்து, திருகை நானே முடுக்கி, கதவின் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, துளைகளைக் குச்சியால் குத்திவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறியது. நீ கை தட்டினாய். "சூப்பர்ப்பா!" என்றாய். எனக்கு அந்தக் கதவைக் கழுவியபோதுகூட அவ்வளவு குமட்டவில்லை.

ஆனால் கேள். அதுவரை நடந்ததை நான் மன்னித்துவிட்டேன். பொத்தானை அழுத்தியது தவறு. வேடிக்கை காட்டுகிற ஆசையில் யாரும் செய்கிற தவறு. வலியில் ஒருவர் கத்தும்போது கம்பியைப் பற்றி நினைத்தது பயத்தில் வந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ காரை எடுத்துக்கொண்டு விழுப்புரம் கிளம்பியபோது, "ஏழுமலை எங்கன்னு கேப்பாங்க. நடந்தது நடந்தபடி சொல்லு" என்றேன். "சரிப்பா" என்றாய். அந்தச் 'சரிப்பா'வை நம்பி நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று அழைப்பிதழ் கொடுக்க விழுப்புரம் போனேன். மில்லில் வேறொருவர் கார் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழுமலை எங்கே என்றேன். கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "அந்தக் குடிகாரப் பயலா? மாப்ள வந்து சொன்னாரே சார். காலங்காத்தாலயே போட்டுக்கினு காருல கைய வுட்டுட்டானாமே. மொதலாளி அன்னிக்கே கணக்க முடிச்சிட்டாரு" என்றார். உன் மாமனார் செஞ்சிக்குப் போயிருந்தார். நான் அங்கிருந்து நேராகக் கெடார் பஸ் ஏறினேன்.

ஏழுமலையின் மனைவி உண்ணாமலை வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு மூலை, கணவர் ஒரு மூலை. நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நீங்கதான வாத்தியாரு? பக்கத்துலயே இருந்தீங்களே, நீங்களே சொல்லுங்க. இவரு அன்னிக்கு குடிச்சிருந்தாரா?"

"வுடு புள்ள. சார வந்ததும் வராததுமா இன்னாத்துக்கு பேஜாரு பண்ற" என்றார் ஏழுமலை.

"இவர சும்மா இருக்கச் சொல்லுங்க. மலையனூர் கோயில்ல என் தலைல அடிச்சி சத்தியம் பண்ண ஆளு சார் இவரு. பெரியவ பொறந்ததுலேர்ந்து தொடல. தொட்டுட்டாருன்னு மில்லுல சொல்றாங்க, மாப்ளயே கண்ணால பாத்தாருன்றாங்க. இவரு இல்லன்றாரு. நான் யார நம்பட்டும்? அன்னிலேர்ந்து இவருகிட்ட நான் பேசறதில்ல."

மகனே, அந்தக் கேள்விக்கு அந்த வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியவன் நானில்லை. ஆனாலும் சொன்னேன். "குடிக்கலம்மா. ராத்திரி எங்க வீட்லதான் சாப்பிட்டுப் படுத்திருந்தாரு. காலையில காப்பி குடிச்சாரு. என் மகன்தான் பொத்தான அமுக்கினான். நான் சொல்றதுக்கு முன்னாடி அமுக்கினான்."

உண்ணாமலை முறத்தை எடுத்துச் சுவரோரம் வைத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பாமலே, "உள்ள கேப்பைக் களி கீது, ஆறிப்பூடும். சாப்புடு" என்றார். அந்த மனிதரின் முகம் கோணியதைப் பார்க்க முடியாமல் நான் மல்லாட்டைக் குவியலைப் பார்த்தேன். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் மனைவி அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது என்று நினைக்கிறேன்.

மில்லில் வந்து நானே சொல்கிறேன் என்றேன். ஏழுமலை சிரித்தார். "நீங்க சொன்னா, வாத்தியாரு எரக்கப்பட்டு சொல்றாருன்னு பூடுவாங்க சார். மாப்ள வாயால வந்த பேச்சு. அவரு வாயாலதான் போவணும்." உன்னைத் திட்டவில்லை. ஒரு சொல் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் உன் ஏழாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாய். பள்ளியில் இருந்த ஒரே தெர்மாமீட்டர் உன் கையில் உடைந்து, பாதரசம் தரையில் மணிமணியாக ஓடியது. யாரும் பார்க்கவில்லை. நீயாகவே என் மேசைக்கு வந்து, உதடு துடிக்க, "சார், நான்தான் சார்" என்றாய். அப்பா என்றுகூடச் சொல்லவில்லை, சார் என்றாய். அன்று உன்னை வகுப்பின் முன்னால் முட்டி போட வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அந்தப் பிள்ளைதான் விழுப்புரத்தில் போய், ஒருவர் வாயில் இல்லாத சாராய வாடையை அவர்மேல் பூசிவிட்டு வந்தான் என்பதை நான் எப்படி ஒன்று சேர்த்துப் பார்ப்பது? ஒரு பொய்தான் வேண்டும் என்றால் கண்ணாடி தானாகக் கெட்டுப்போனது, சரி செய்கையில் விரல் மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஏழுமலை போன்றவரைப் பற்றி எதைச் சொன்னால் கேள்வி கேட்காமல் நம்புவார்கள் என்று யோசித்து, தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்கிறாய். அந்த யோசனைதான் எனக்கு நாறுகிறது. கதவுக்குள் கிடந்ததை நீ ச்சீ என்றாய். அதைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், போய்விட்டது.

சிறு வயதிலிருந்தே நீ சுத்தக்காரன். சோற்றில் ஒரு கறுப்பு அரிசி கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுவாய். அதை நான் ஒரு நல்ல குணமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இனி சொல்ல மாட்டேன்.

உன் கையைப் பிடிக்கப்போகிற பெண்ணை நினைக்கிறேன். குடும்பம் என்றால் தினமும் ஏதாவது உடையும். பால் பொங்கி வழியும், சாவி தொலையும், குழந்தை விழும். அவள் வலியில் கத்துகிற நேரத்தில் நீ முதலில் எதைப் பார்ப்பாய், அவள் விரலையா, கம்பியையா? யார் செய்தது என்று வெளியே கேட்டால் யார் பெயரைச் சொல்வாய்? எனக்குத் தெரியவில்லை. உன்னை இருபத்தாறு வருஷம் வளர்த்தவனுக்குத் தெரியவில்லை என்றால், உன்னை நான்கு முறைகூடப் பார்க்காத அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் வீட்டில் இருப்பார், விசாரித்துவிட்டேன். அன்று காலை நான் விழுப்புரம் போகிறேன். அவர் முன்னால் நடந்ததைச் சொல்வேன். அப்படியானால் உங்கள் மகன் பொய்யனா என்று கேட்பார். ஆமாம் என்பேன். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று அச்சிட்டிருக்கிறார்கள், வேறு பதில் சொல்ல எனக்கு வழியில்லை. கல்யாணம் நிற்குமோ நடக்குமோ, அது அவர்கள் முடிவு. ஏழுமலையை மறுபடி வேலைக்கு வைத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, அதுவும் தெரியாது. குடித்தான் என்ற பேச்சு மட்டும் அந்த வீட்டில் இன்னொரு நாள் தங்கக் கூடாது.

சனிக்கிழமை ராத்திரி சென்னையில் பஸ் ஏறினால் நீ விடிவதற்குள் திண்டிவனம் வந்துவிடலாம். காலை முதல் விழுப்புரம் வண்டியில் ஏறி, எனக்குப் பக்கத்து இடத்தில் துண்டு போட்டு வைப்பேன். யார் கேட்டாலும் ஆள் வருகிறது என்பேன். டிரைவர் வண்டியைக் கிளப்புகிற வரைக்கும் அது உன் இடம். கிளப்பிய பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நிற்கிறவர் யாரையாவது உட்காரச் சொல்லிவிடுவேன்.

அப்பா